மூன்றாவது சிலிண்டர்

இது நடந்தது.

யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. பழனியாண்டியின் வாயிலிருந்தே வந்தது. அவன் பொய்யே பேசாதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். லீவு கேட்கிற அன்றைக்கு எல்லோரையும் போல அவனுக்கும் வயிற்றுவலி வந்திருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும்போது அவன் எதிரில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவே இல்லை. தேத்தண்ணியை ஆறவிடுகிற ஆள் இல்லை அவன்.

இன்னொன்று. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். இது பகலில் வந்தது.

வருஷம் 1962. இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மலைப்பக்கம் ஏறினால் வருவது ஊசிமலைத் தோட்டம். பழனியாண்டி அங்கே தேயிலை ஃபாக்டரியின் மெக்கானிக். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சில வருஷங்களுக்கு முன்தான் வந்தவன். ஃபாக்டரி மெஷின்களைப் பார்ப்பதுதான் அவன் வேலை. ஆனால் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய துரையிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். கூரை கிடையாது. சத்தம் மட்டும் ஒரு லாரிக் கூட்டத்துக்குச் சரி. வருஷம் தவறாமல் துரைமார் நுவரெலியாவில் நடத்தும் மலையேற்றப் பந்தயத்தில் ஓடுகிற கார் அது. அதையும் பழனியாண்டிதான் பார்க்க வேண்டும். சம்பளத்தில் அதற்கென்று ஒரு சதம் கூடியதில்லை. திட்டு மட்டும் தனியாகக் கூடியது.

அந்தத் திங்கட்கிழமை காரை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஃபாக்டரிச் சுவரை ஒட்டிய வேர்க்‌ஷாப் வாசலில் துரை குதித்து இறங்கினான். முகம் காரின் நிறத்தில் இருந்தது.

"என்ன வேலை செய்றான் நீ? மூணு தரம்! அதே சிலிண்டர் மூணு தரம் உடைஞ்சது!"

"தொரைங்களே, எஞ்சின்ல எல்லாம் சரியாத்தான்..."

"பேசாதே! ஞாயிறு ரேஸ். கார் மறுபடி நின்னா உன் பேர் வெட்டும். காம்பரா காலி. வெளங்குதா?"

விளங்கியது. பழனியாண்டி தலையை ஆட்டினான். கையிலிருந்த ஸ்பானரை அவன் பிடித்திருந்த பிடியில் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. அந்த ஸ்பானர் எங்கே போய் விழுந்திருக்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விழவில்லை. வயிற்றுக்குள் திரும்பிப் போய்விட்டது, அவ்வளவு கோபமும்.

காம்பரா என்றால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரே ஒரு அறை. அதுகூட அவனுக்குப் போன தைப்பொங்கலுக்குத்தான் கிடைத்தது. அதுவரை அவனும் பெண்சாதி அழகம்மாவும் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவில் சேலையைத் தொங்கவிட்டுக் குடித்தனம் செய்தார்கள். தோட்டத்து ஆள் கணக்கிலிருந்து பேரை வெட்டினால் அந்த அறையும் போய்விடும். பிறகு போக இடமேது? இலங்கை இவனைத் தன் ஆள் இல்லை என்றது. இந்தியாவும் அதையேதான் சொன்னது. கால் வைக்க அந்தக் காம்பராவின் சாணித் தரை மட்டும்தான் இருந்தது.

அழகம்மா மத்தியானம் பறித்த கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு வந்தவள் செய்தியைக் கேட்டாள். கூடையை இறக்காமலே கேட்டாள்.

"அந்தக் காரு செத்தா சாகட்டுங்க. நம்மள ஏன் கூட இழுக்குது?"

அவன் அவள் முதுகிலிருந்து கூடையை இறக்கி வைத்தான்.

கோளாறு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று தடவைக்கும் முன்னால், முதன்முதலில் எஞ்சின் போனது முழுக்க முழுக்கத் துரையின் புண்ணியம். எண்ணெய் வற்றிப்போயிருந்த எஞ்சினை அடித்து விரட்டிக்கொண்டு மேட்டில் ஏற்றினான். மூன்றாவது சிலிண்டரின் சுவர் கீறிப் பாழாய்ப் போய்விட்டது. சிலிண்டர்களோடு வார்த்த புது எஞ்சின் கட்டை வரவழைக்கலாம் என்றால், வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் உள்ளே வராத காலம். துரையிடம் ஒரு பெட்டி நிறைய உபரி பிஸ்டன் இருந்தது. கட்டை இல்லை.

ஒரு வழிதான் மிச்சம். பாழான சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, அதற்குள் ஒரு இரும்புக் குழாயை இறுக்கமாக இறக்க வேண்டும். ஸ்லீவ் என்பார்கள். அதைக் கடைய நல்ல வார்ப்பிரும்பு வேண்டும்.

துரை கைத்தடியை நீட்டிக் காட்டினான். ஃபாக்டரியின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது ஒரு பழைய சக்கரம், ஆள் உயரம். கரண்ட் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு பெரிய எஞ்சினிலிருந்து தோல் பெல்ட் போட்டுத்தான் ஃபாக்டரி முழுவதையும் ஓட்டினார்கள். அந்தப் பெல்ட் சுற்றிய சக்கரம் அது. கரண்ட் வந்ததும் மெஷினுக்கு ஒரு மோட்டார் என்றாகிவிட்டது. பெல்ட்டுகளைக் கழற்றினார்கள். சக்கரத்தை வெளியே உருட்டிவிட்டார்கள்.

"அதை வெட்டு," என்றான் துரை.

பழனியாண்டிக்குக் கொஞ்சம் தயக்கம். சக்கரத்தின் நடுக்குடத்தில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு செம்பரத்தம் பூவும் இருக்கும். மலைநாட்டு ஃபாக்டரிகளில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. சுற்றுகிற சக்கரங்களின் சாமி. வருஷத்துக்கு ஒரு சேவல் வாங்கிக்கொண்டு, தொழிலாளியின் கையையும் விரலையும் மெஷின் தின்னாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பூ அந்தச் சாமிக்குத்தான் என்று அவன் நினைத்தான். உள்ளே முனியின் கல்லுக்கு முன்னால் முறைப்படி தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டான். முனிக்குச் சொல்லியாயிற்று, இனி என்ன என்று சம்மட்டியை எடுத்தான்.

அங்கேதான் தவறினான். பூ வைத்தது யார், யாருக்காக என்று கேட்கவில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவளே வந்து நின்றாள். காளியாயி. ஃபாக்டரியில் தேயிலையிலிருந்து காம்பு பொறுக்குகிற வயதான பெண். சம்மட்டிச் சத்தம் கேட்டு மடி நிறையத் தேயிலைத் தூளோடு ஓடி வந்திருந்தாள்.

"தம்பி, இத ஏன் ஒடைக்கிற?"

"தொர உத்தரவு ஆத்தா. எனக்கென்ன தெரியும்? தொரகிட்ட கேளுங்க."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே விழுந்திருந்த வாடிய பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தோட்டத்தில் அது ஒரு வாய்ப்பாடு. கூரை ஒழுகுகிறதா, தொரகிட்ட கேளு. பிள்ளைக்குக் காய்ச்சலா, லீவு வேண்டுமா, தொரகிட்ட கேளு. கங்காணி சொல்வான், கணக்கப்பிள்ளை சொல்வார், ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் சொல்வார். துரையிடம் போய்க் கேட்கிற தைரியம் யாருக்கும் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சொல்வார்கள். பழனியாண்டியும் சொல்லிவிட்டான்.

நடுக்குடத்தின் கனமான இரும்பில் ஸ்லீவ் அழகாக வந்தது. இறக்கினான். கார் ஓடியது. பிறகுதான் அந்த மூன்று சாவு.

முதல் தடவை, பிஸ்டன் நடுவழியில் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. சூடு கூடிவிட்டதோ என்று தண்ணீர் போகும் வழிகளையெல்லாம் குத்திச் சுத்தம் செய்தான். இரண்டாவது தடவை, பிஸ்டன் அதே இடத்தில் கவ்வியது. பெட்ரோல் போதாமல் எரிகிறதோ என்று கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தான், மாசு மருவில்லை. பிளக்கை மாற்றினான். வயரை மாற்றினான். தீப்பொறி விழுகிற நேரத்தைச் சரிபார்த்தான். மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒரு வேலை செய்தான்: இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டனை மூன்றாவதிலும், மூன்றாவதற்கான புதுப் பிஸ்டனை இரண்டாவதிலும் போட்டுவிட்டான். நோய் பிஸ்டனில் என்றால் அது இடம் மாற வேண்டும் அல்லவா?

மாறவில்லை. இரண்டாவதில் புதுப் பிஸ்டன் சுகமாக ஓடியது. நாள்பட ஓடிய நல்ல பிஸ்டன் மூன்றாவதில் போய்ச் செத்தது.

ஆக நோய் அந்தத் துளையில். அவன் கடைந்த ஸ்லீவில். ஆனால் அளவுகோலை இறக்கி மேலும் கீழும் அளந்தால் ஒரு மயிரிழை கோணல் இல்லை. கோபம் கோபமாக வந்தது அவனுக்கு. துரையின் மேல் வந்தது, இரும்பின் மேல் வந்தது, தன் கையின் மேலேயே வந்தது.

பெட்டியில் ஒரே ஒரு பிஸ்டன் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான்.

செத்த பிஸ்டனைக் கழற்றும்போதுதான் அதைப் பார்த்தான். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு நூல். கறுப்பு நூல். கிள்ளி எடுத்தான். நீளமாக வந்தது... இன்னும் வந்தது. கை துடைக்கிற பஞ்சு என்றால் வெள்ளையாக இருக்கும். இது கம்பளி. கொழுந்து மலையில் மழைக்குப் போர்த்துவார்களே, அந்தக் கறுப்புக் கம்பளியின் நூல்.

பெட்ரோல் வெடித்து எரிகிற இடம் அது. இரும்பே சிவக்கும். நூல் கருகக்கூட இல்லை.

நனைந்திருந்தது.

தன்னைப் பிடிக்காத யாரோ தன் காலை வாரச் செய்கிற வேலை என்று பல்லைக் கடித்தான். அப்படி நினைப்பதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது. கோபப்பட ஆள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் எஞ்சினைப் பூட்டி முடித்தான். நாலு மணி. அந்த நேரத்துக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருவது வழக்கம். அன்றும் வந்தது. வாசலைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, காரைச் சுற்றி நின்றது. ஃபாக்டரிக்குள் மோட்டார்கள் ஓடவில்லை. வறட்சியில் கொழுந்து குறைந்ததால் அன்றைக்கு அரைநாளோடு நிறுத்தியிருந்தார்கள். டீமேக்கர் சுந்தரலிங்கம் தன் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார்.

எஞ்சினை முடுக்கினான். எடுத்தது.

மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, மறு நுனியைக் காதோரத்து எலும்பில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போல.

முதல் சிலிண்டரில் வைத்தான். சுத்தமான சத்தம். இரண்டாவது, சுத்தம். நான்காவது, சுத்தம். வேண்டுமென்றே மூன்றாவதைக் கடைசிக்கு விட்டிருந்தான்.

வைத்தான்.

டப்... டப்... டப்...

கம்பியை எடுத்தான். எஞ்சின் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப வைத்தான்.

டப்... டப்... டப்...

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கொட்டகலையில் சின்ன வயதில் கேட்டுக் கேட்டுப் பழகியது. தோல் பெல்ட்டின் தையல், சக்கரத்தில் வந்து அடிக்கிற சத்தம். ஆனால் இந்த ஃபாக்டரியில் பெல்ட் இல்லை. கழற்றி எத்தனையோ காலமாயிற்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். டப்... அதற்கு நடுவில் வேறொன்று. மூச்சு. இறுகிய தொண்டையால் இழுக்கிற மூச்சு.

டப்...

"நிப்பாட்டு..."

பழனியாண்டி திரும்பிப் பார்த்தான். பனி. யாருமில்லை.

டப்...

"நிப்பாட்டு..."

மூன்றாவது பிளக்கின் வயரைப் பிடுங்கினான். இனி அந்தச் சிலிண்டரில் தீ இல்லை. கம்பியை வைத்தான்.

"நிப்பாட்டு..."

கிட்டத்தில் கேட்டது.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. முன்னால் சுற்றிய காற்றாடியும் நின்றது.

கம்பி மட்டும் காதில்.

டப்... டப்...

நனைந்த கம்பளி நாற்றம். அரைபட்ட பச்சைக் கொழுந்தின் வாடை.

"நிப்பாட்டுங்கடா..."

ஓடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஓடினால் நாளைக்குக் கார் நிற்கும், காம்பரா போகும், அழகம்மா கூடையோடு ரோட்டில் நிற்பாள். வாரம் முழுக்க வயிற்றுக்குள் திரும்பிப் போன கோபம் அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தது. அவன் எஞ்சினைப் பார்த்துக் கத்தினான்.

"நான் என்னடா செஞ்சேன் ஒனக்கு? எங்கிட்ட ஏன் வர்ற? நிப்பாட்டுறது எங்கையில இல்ல! தொரகிட்ட கேளு! போ... தொரகிட்டயே போய்க் கேளு!"

சத்தம் நின்றது.

கம்பி பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கீழே போட்டான்.

வெகு நேரம் கழித்து, வயரை மாட்டி மறுபடி முடுக்கினான். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த எஞ்சினில் அவன் கேட்டதே இல்லை. எஞ்சின் மேல் காசை நிறுத்தினால் விழாது, அவ்வளவு நிதானம்.

ஞாயிற்றுக்கிழமை துரை ஜெயித்தான்.

பிற்பகலில் பங்களாவுக்குப் போகாமல் நேராக வேர்க்‌ஷாப்புக்கு வந்தான். பக்கத்துச் சீட்டில் வெள்ளிக் கோப்பை. கழுத்தில் பச்சை நிறக் கம்பளி மஃப்ளர். பனி அப்போதுதான் பள்ளத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது.

"பழனியாண்டி! நல்ல வேலை! உன் பேர் வெட்டாது!"

பழனியாண்டி கும்பிட்டான். உண்மையில் அந்த ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழகம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டான்.

துரை சாவியைத் திருப்பி எடுத்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

துரை சாவியைப் பார்த்தான். போட்டுத் திரும்பத் திருப்பினான். எஞ்சின் ஓடியது.

"என்ன இது? நிப்பாட்டு."

சூடான எஞ்சின் சாவியை எடுத்த பிறகும் நாலைந்து சுற்றுச் சுற்றும். அது வேறு. பழனியாண்டி மூடியைத் திறந்தான். தீப்பொறிக்குக் கரண்ட் தருகிற இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கினான். நாலு பிளக் வயரையும் பிடுங்கினான். பெட்ரோல் குழாயை மூடினான்.

ஓடியது. தீ இல்லாமல், பெட்ரோல் இல்லாமல், அதே நிதானத்தில் ஓடியது.

கம்பி இல்லாமலே இப்போது கேட்டது.

டப்... டப்... டப்...

"தள்ளு, முட்டாள்!" துரை அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு எஞ்சினுக்குள் குனிந்தான். மஃப்ளரின் நுனி தொங்கியது.

"தொரைங்களே, மஃப்ளரு!"

காற்றாடி பிடித்துவிட்டது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"நிப்பாட்டு! பழனியாண்டி... நிப்பாட்டு!"

பழனியாண்டி கத்தியை எடுத்துக் கம்பளியை அறுக்கப் பார்த்தான். அறுபடவில்லை. நனைந்து இரும்பாக இறுகியிருந்தது. காற்றாடியில் மரக்கட்டையைச் சொருகினான். கட்டை சிதறியது.

"நிப்பாட்டு..."

பிறகு அந்தக் குரல் வரவில்லை.

எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த சுந்தரலிங்கமும் லயத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். யாராலும் கிட்டப் போக முடியவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது... தேயிலை அரைக்கிற மெஷினில் ஒரு தடவை கொழுந்து போட்டு அரைத்து எடுக்கிற நேரம் வரை. அந்த நேரம் டீமேக்கருக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம்.

"ஒரு ரோல்," என்று சுந்தரலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

சொல்லி முடித்ததும் தானாக நின்றது.

பொலிஸ் வந்தது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. மஃப்ளர் காற்றாடியில் சிக்கியிருந்தது எல்லோரும் பார்த்ததுதானே. மூடிய பெட்ரோல் குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அடுத்த வாரம் சின்னத் துரை அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னான். பழனியாண்டி பிரித்தான். ஸ்லீவில் ஒரு கீறல் இல்லை, கண்ணாடியாகப் பளபளத்தது. பிஸ்டன் புதுசு போல இருந்தது. மூன்றாவது பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு நூல் இருந்தது.

பச்சை.

காற்றாடி எஞ்சினுக்கு வெளியே இருப்பது. சிலிண்டர் மூடி முத்திரையிட்டது போல உள்ளே இருப்பது. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் நிழல் விழுந்தது. காளியாயி கையில் செம்பரத்தம் பூவோடு நின்றிருந்தாள்.

"ஆத்தா," என்றான் பழனியாண்டி. "அந்தச் சக்கரத்துல யாருக்குப் பூ வச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு." பெஞ்சின் மேல் உட்கார்ந்தாள். "மாயாண்டின்னு பேரு. நீ வர்றதுக்கு முன்னாடி. கரண்டு வராத காலம். மழ நாளு, கம்பளியப் போட்டுக்கிட்டு உள்ள போயிருக்காரு. பெல்ட்டு கம்பளியப் புடிச்சி இழுத்துருச்சி."

"நிப்பாட்டலியா?"

"எஞ்சின் டிரைவரு கைப்பிடியப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னான். இந்தத் தொர அப்ப இங்க சின்னத்தொர. பொறவு வேற தோட்டமெல்லாம் போயிட்டு இப்பப் பெரிய தொரயா வந்தாரு. அன்னைக்கிப் பக்கத்துலதான் நின்னாரு. மெஷின்ல ஒரு ரோல் கொழுந்து கெடக்கு, நிப்பாட்டுனா கெட்டுப்போகும்னாரு. அது முடியிற வரைக்கும் ஓட்டுனாங்க."

"தோட்டத்துல யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ஆத்தா."

"பெரிய தொர இருக்கயில யாரு சொல்லுவா?"

அவள் குரல் உயரவில்லை. அழுகை தீர்ந்துபோன கோபம் அது. எத்தனையோ வருஷத்துக் கோபம்.

"எங்க வீட்டுக்காரரு எஞ்சின் டிரைவரப் பார்த்துத்தான் கத்துனாரு. நிப்பாட்டு, நிப்பாட்டுன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பழனியாண்டிக்குத் தெரிந்துவிட்டது.

"நிப்பாட்டுறது எங்கையில இல்ல, தொரகிட்ட கேளுன்னான். அன்னைக்கி நீயும் எங்கிட்ட அதத்தான் சொன்ன."

வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது.

"அவரு எங்க கேட்டாரு, தம்பி? கேக்குறதுக்குள்ள கழுத்து போயிருச்சி. கேக்காமலேயே போயிட்டாரு."

காளியாயி எழுந்தாள். காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பழனியாண்டி கீழே போட்ட இரும்புக் கம்பி இன்னும் தரையில் போட்ட இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை.

குனிந்து, பூவை அதன் நுனியில் வைத்தாள். அவன் காதில் வைத்திருந்த நுனியில். வைத்துவிட்டுக் காம்பு பொறுக்கப் போய்விட்டாள்.